முழுசாக நீக்கு

சிம்மக்கல் மாடிக் கடையில்
கரண்ட் வந்ததும் முதல் வேலை
பழைய எடிட்டரைத் தூக்குவது.
நிச்சயமா என்றது.
ஆம்.

ஐகான் போனது. ஆள் போகவில்லை.
மறைந்த கோப்புறையொன்றில்
உட்கார்ந்திருந்தது அதன் அகராதி.
ஆறு வருடமாய்
சிவப்புக் கோடு போட்டபோதெல்லாம்
நான் சொல்லிக்கொடுத்த பெயர்கள்:
பூதகுடி, சக்கிமங்கலம்,
ஒச்சம்மாள், பேய்க்காமன்,
கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வந்தவர்கள்.
நடுவில் அழகுமீனா.
அது அஞ்சலி இல்லை.
அச்சுக்குப் போகாத
என் கல்யாணப் பத்திரிகை.
ஷிப்டோடு டெலீட்.

சாயங்காலம் புது எடிட்டரில்
வளையல் கடைத் திறப்பு விழா.
உரிமையாளர்: அழகுமீனா.
வேறு அழகுமீனாவாகவும் இருக்கலாம்.
அடியில் சிவப்பாய் நெளிந்தது கோடு.
யாரென்றே தெரியாதாம்.
நல்ல பிள்ளை.

அகராதியில் சேர்க்கவா என்றதை
அப்படியே விட்டு
பிரிண்ட் கொடுத்தேன்.
கோடு பேப்பரில் வராது.