காய்ந்த எடை

அணைக்கட்டு தாண்டி
ஒடுகத்தூர் போகிற வழியில் இடப்பக்கம்
மேய்க்கால் புறம்போக்கு, ஆறு ஏக்கர்.
ஒன்பது வருஷத்துக்கு முன் நட்ட வெள்வேல்கள்
நான்கு மீட்டருக்கு ஒன்று.
வரிசை பிசகிய இடமெல்லாம் பாறை.
இடையில் கொழுக்கட்டைப் புல்,
மே மாதத்தில் சணல் நிறம்.

ஒரு மரம்
எவ்வளவு கரியைப் பிடித்து வைத்திருக்கிறது
என்று தெரியவேண்டுமானால்
அந்த மரத்தை வெட்ட வேண்டும்.
திட்ட அறிக்கையில் இதற்கு
அழிவு முறை என்று பெயர்.
ஒரே வரி. கீழே என் கையெழுத்து.

கணினி ஐந்து எண்கள் கொடுத்தது:
எட்டு, பத்தொன்பது, நாற்பத்தேழு,
அறுபத்திரண்டு, நூற்றுமூன்று.
கணினிக்கு நிழல் தெரியாது.
நாற்பத்தேழின் அடியில்
இருபத்திரண்டு ஆடுகள் படுத்திருந்தன.

"வேற மரமே கெடைக்கலியா ஒனக்கு?"
என்றாள் முனிரத்தினம்.
எண் விழுந்துவிட்டது, என்றேன்.
"லாட்டரியா?"
ஏறக்குறைய.

பேரணாம்பட்டிலிருந்து வந்த ஜபருல்லா
ரம்பத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.
அவருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று கூலி.
யார் பக்கமும் பேசவில்லை.

நெஞ்சு உயரத்தில் நாடாவைச் சுற்றினேன்.
ஐம்பத்தோரு சென்டிமீட்டர்.
என் நெஞ்சு அல்ல.
எந்தத் தேசத்து வனக்காரனின் நெஞ்சோ,
ஒரு மீட்டர் முப்பத்தேழு.
எனக்கு அது மோவாய்.

"இன்னாத்த எட போடப் போற?"
கரி.
"மரத்துல ஏது கறி?"
காற்றில் இருக்கிற கரி. இலை வாங்கிக்கொள்ளும்.
கட்டையில், வேரில் சேர்த்து வைக்கும்.
ஆடுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"எங்க கறி கிலோ எண்ணூறு. உன்னுது?"

அதற்கும் ஒரு விலை உண்டு,
டன் கணக்கில், டாலரில்.
இந்த ஒரு மரத்துக்குப் போட்டுப் பார்த்தால்
ஆம்பூரில் அரை பிளேட் பிரியாணி.
அவளிடம் சொல்லவில்லை.

மரம் பதினோரு நிமிஷத்தில் விழுந்தது.
வேருக்குத்தான் இரண்டு நாள்.
கடப்பாரை, மண்வெட்டி, கடைசியில் கை.
ஒரு ஆள் ஆழத்துக்கும் கீழே போயிருந்தது,
கருஞ்சிவப்பாய், ஈரம் இருந்த ஒரே திசையில்.
புல்லுக்கு எட்டாத பொட்டாசியத்தை, சுண்ணாம்பை
அங்கிருந்து இழுத்து
இலையாக்கி, நெற்றாக்கி
புல்லின் தலைமேல் உதிர்த்திருக்கிறது.
நெற்றைத் தின்றது ஆடு.
விதையைத் தின்னவில்லை, தூக்கிப் போனது.
வரிசைக்கு வெளியே, பாறை இடுக்கில்,
நாங்கள் நடாத பதினாறு கன்றுகள்.
அவற்றுக்கு எண் இல்லை.

இலையை எடை போட்டு
ஐந்நூறு கிராம் காகிதப் பையில் கட்டி
பென்சிலால் எழுதினேன்: 47, இலை.
ஜீப் நிழலில் வைத்தேன்.
தண்ணீர் குடித்துத் திரும்புவதற்குள்
காது கிழிந்த ஒரு செம்மறிக் குட்டி
பையோடு, பென்சில் எழுத்தோடு
முடித்துவிட்டது.

முனிரத்தினம் குட்டியை அடிக்கவில்லை.
கோலை மட்டும் ஓங்கினாள், எனக்காக.
பிறகு சொன்னாள்:
"காத்தால வா.
புழுக்கையா குடுத்துடறேன்."

ஆய்வகத்தில் அடுப்பு எழுபது டிகிரி.
வெளியே வேலூர் நாற்பத்திரண்டு.
மின்சாரம் இரண்டு முறை போனது.
தண்டு, கிளை, வேர்
எல்லாம் தண்ணீரை விட்டுவிட்டு
மாறாத ஓர் எடைக்கு வந்து நின்றன.
அதில் ஏறக்குறைய பாதி, கரி.
நாற்பத்தேழில் இலைக்கு நேரே வெற்றுக் கட்டம்.

பக்கத்து மரத்து இலையைப் போட்டு நிரப்பு,
என்றார் பேராசிரியர், போனில்.
படிவத்தில் மரத்துக்குப் பத்தி உண்டு,
புல்லுக்கு, மண்ணுக்கு, சருகுக்கு உண்டு.
அந்த நைட்ரஜன் போன இடத்துக்கு இல்லை.
குறிப்பு என்ற ஓரத்தில்
ஆடு, என்று எழுதினேன்.

அடுத்த வாரம் போனபோது
மந்தை நாற்பத்தெட்டுக்கு மாறியிருந்தது.
மஞ்சள் பெயின்ட்டில் நான் போட்ட எண்ணை
யாரோ கல்லால் சுரண்டியிருந்தார்கள்.
பட்டை வரைக்கும், சுத்தமாக.
முனிரத்தினம் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஏரியில் ஒன்றும் இல்லை.

பெயின்ட் டப்பா ஜீப்பில்தான் இருந்தது.