உனாசி என்றால் எழுபத்தொன்பது

முப்பது மணி நேரம் சேவை செய்தால்
பள்ளியில் ஒரு சான்றிதழ்.
என் கணக்கில் பன்னிரண்டு,
ஹர்கீரத்துக்கு ஒன்பது.
சரோஜினி நகர்க் குடியிருப்பில்
மாடி மாடியாய் ஏறிப்
பழைய பேப்பர் திரட்டி விற்றதில்
நாற்பது கம்பளி.
சாம்பல் நிறம். உதறினால் தும்மல்.

ஜனவரி. எய்ம்ஸ் வாசலில்
மூடுபனியும் ஆட்டோப் புகையும்
ஒரே நிறமாகிவிட்ட இரவு எட்டு மணி.
எக்ஸ்ரே உறைகளைத் தலைக்கு வைத்து
நடைபாதை நெடுக
ஊர் ஊராய்ப் படுத்திருந்தார்கள்.
தேபாங்கி எண்ணிக்கை எழுதினாள்,
ஸோயா படமெடுத்தாள்.
கொடுக்கிற கை சரியாக விழவில்லை என்று
ஒரு கிழவருக்கு
இன்னொரு முறை கொடுத்தோம்.

பாலத்தூண் ஓரம் ஒருத்தி
கையை நீட்டவில்லை.
"மூணு இருக்கு" என்றாள்,
எங்களிடம் அல்ல, பனியிடம்.
"நேத்து ஒரு கூட்டம், முந்தாநாள் ரெண்டு.
எல்லாத்தையும் எங்க தூக்கிக்கிட்டுத் திரிய?"

"நானும் தமிழ்தான்" என்றேன்.
களவு போன சொம்பை
அடுத்த வீட்டு அலமாரியில் கண்டவள் மாதிரி
திரும்பினாள்.

செல்லக்கிளி. திட்டக்குடிப் பக்கம்.
புருஷனுக்குச் சிறுநீரகம்.
கம்பளியை மடித்துத் திருப்பித் தந்து
"நம்பர் மட்டும் சொல்லித் தா பாப்பா.
பலகையில வெளக்கு எரியல.
அவன் இந்தியில கூப்பிடுறான்.
செவ்வாக்கெழம நேர் எதிர்ல
உக்காந்திருக்கேன்,
எங்க நம்பர் போயிருச்சு."

நான் பிறந்ததே இந்த ஊரில்.
ஆனாலும் உன்சட், உன்ஹத்தர், உனாசி
எது ஐம்பத்தொன்பது, எது எழுபத்தொன்பது என்று
இன்றும் காய்கறிக்காரரிடம்
விரலைக் காட்டுகிறவள் நான்.
ஹர்கீரத் சொல்லச் சொல்ல
கம்பளி வந்த அட்டையைக் கிழித்துத்
தமிழில் எழுதினேன்.
எழுபதுகள் முழுக்க
ஹத்தர் ஹத்தர் என்று ஒரே இருமல்.
எனக்கோ 'ஹ' மறந்துவிட்டது.
ஃபோனில் அம்மா முதலில் திட்டினாள்.
பிறகு படம் அனுப்பினாள்:
மளிகைச் சீட்டின் ஓரத்தில்
துவரம்பருப்புக்குக் கீழே
ஒற்றை ஹ.

"ஒம்போதுல முடியிறதெல்லாம்
'உன்' 'உன்'னே வருது.
'என்' எப்ப வரும்?" என்றாள் செல்லக்கிளி.
மூன்று கம்பளிக்கு அடியிலிருந்து
அவள் புருஷன் சிரித்தது கேட்டது.
எண்பதைத் தாண்டும்போது
ஹர்கீரத் டீ வாங்கப் போனான்.
மிச்சத்தை நானே எழுதி முடித்தேன்.

மறுநாள் இரண்டாம் சனி.
யாரும் யாரிடமும் சொல்லாமல்
நால்வரும் ஜன்னல் முன் நின்றோம்.
அவள் டோக்கன் எழுபத்தொன்பது.
சத்ஹத்தர். அட்ஹத்தர்.
பிறகு உள்ளே யாரோ தேநீர் குடித்தார்கள்.
"உனாசி!"
நான் வாயைத் திறப்பதற்குள்
அவள் ஜன்னலில் இருந்தாள்.
செருப்பு மட்டும் உட்கார்ந்த இடத்தில்.

சேவை நோட்டில் மூன்று கட்டங்கள்:
கொடுத்த பொருள், பயனாளிகள், புகைப்படம்.
முதல் கட்டத்திலேயே பேனா நின்றது.
"படம் இல்லையா? அப்போ மணி நேரமும் இல்லை"
என்றார் மேடம், கோபமில்லாமல்.
வாங்க ஆளில்லாத ஒன்பது கம்பளி
ஹர்கீரத் கட்டிலுக்கடியில் கிடக்கிறது,
அவன் நாய்க்குப் பிடித்திருக்கிறதாம்.
தேபாங்கி வங்காளியில் ஓர் அட்டை எழுதுகிறாள்.
அவளுக்கு உதவத்தான்
இன்று என் பிரதியை எடுத்துப் பார்த்தேன்.

எண்பத்தொன்பதுக்கு 'உன்' வராது.
நவாசி.
நான் எழுதியிருப்பது உன்நப்பே;
அப்படி ஓர் எண்ணே கிடையாது.

செல்லக்கிளி ஊருக்குப் போகுமுன்
அட்டையைச் சேலத்துக்காரர் ஒருவரிடம்
பத்திரமாகக் கொடுத்துவிட்டாளாம்.
அவர் பேர் தெரியாது. ஃபோன் கிடையாது.

திங்கள். இரண்டாம் பீரியட். கணக்கு.
இந்நேரம் அந்த ஜன்னலில்
எத்தனையாவது எண்
போய்க்கொண்டிருக்கும்?