நாலு சட்டை

உச்சிப்புளி மெயின் ரோட்டில் எங்கள் கடைக்குப்
பெயர் ஒன்று, பலகை நாலு.
சிவப்புக் கம்பெனி அதிகாரி மதுரையிலிருந்து புறப்பட்டால்
பரமக்குடியிலிருந்து எவராவது போன் போடுவார்கள்.
அவர் சத்திரக்குடி தாண்டுவதற்குள்
நீல வண்டிகளைப் பின்னால் தள்ளித்
தார்ப்பாய் போர்த்தி
நான் சிவப்புச் சட்டைக்கு மாறியிருக்க வேண்டும்.
நீலத்துக்கு வியாழன். கறுப்புக்கு மாதக் கடைசி.
நாலாவது கம்பெனியிலிருந்து ஆளே வருவதில்லை,
சட்டை மட்டும் கூரியரில் வரும்,
எப்போதும் எனக்கு இரண்டு சுற்றுப் பெரிதாக.

முதலாளி சேகு ஜலாலுதீன் சொல்வார்:
"பூமயிலு, எதக் கேட்டாலும்
இதுதான் நல்ல வண்டின்னு சொல்லு.
பொய் இல்ல அது.
எதத் தொட்டாலும் 'இது'தானே?"

கீழக்கரைப் பையன்கள் சத்தத்தைக் கேட்பார்கள்.
மண்டபத்து மீன் வியாபாரிகள் பின் சீட்டை
ஐஸ் பெட்டிக்காக முழம் போடுவார்கள்.
மைலேஜ் கேட்டால் என் வாய்
சட்டையின் நிறம் பார்த்துப் பேசும்.

ஒருவரும் கேட்காததை நம்புத்தாய் கேட்டாள்.
சின்னப்பாலத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள்.
பாசி எடுக்கத் துணி சுற்றுகிற விரல்கள்,
சுற்றிய இடம் மட்டும் வெளுத்து.
"இதுல எது உப்பத் தாங்கும்?"

சிவப்பில் இன்னும் ஒன்று போனால் எனக்கு மிக்சி.
வாயைத் திறந்தேன்.
அவள் பார்வை வாசலில் நின்ற என் வண்டிக்குப் போனது.
மூன்று வருடத்து வண்டி, கருவாட்டு நிறத்தில் செயின்.
எந்தக் கம்பெனி என்று வாசிக்க முடியாது,
எழுத்தைக் கச்சான் காற்று தின்றுவிட்டது.

"எதுவும் தாங்காதுக்கா.
தெனம் நல்ல தண்ணி ஊத்திக் கழுவணும்."
"நல்ல தண்ணி கொடம் பத்து ரூவா" என்றாள்,
கோபமில்லாமல்,
விலைப்பட்டியலில் விட்டுப்போன வரியைச் சேர்ப்பவள் போல.

அப்புறம் ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்தாள்.
செருப்பைக் கழற்றிவிட்டு,
பாறை கிழித்த உள்ளங்கால் தரையில் முழுசாகப் படிகிறதா என்று.
முன்னால் ஒரு சாக்கு, பின்னால் இரண்டு,
எல்லாம் ஈரம், எல்லாம் காற்றில்தான் இருந்தன,
ஆனால் அவள் இடுப்பு அந்தக் கனத்துக்குச் சாய்ந்து கொடுத்தது.
"ஏவாரி ஈரத்துக்குன்னு கழிக்கிறான்.
காய வச்சு நானே கொண்டு போவேன்."
நாலாவது கம்பெனியின் குட்டை வண்டியில் இறங்காமல் இருந்தாள்.
மிக்சி போயிற்று.

பைனான்ஸ் டெல்பின்
வீட்டுக்காரர் கையெழுத்துக் கேட்டான், அத்தாட்சிக் காகிதம் கேட்டான்.
"கடலுக்குப் போகாத மாசத்துக்கும் தவணை உண்டா தம்பி?"
அவன் கால்குலேட்டரைப் பார்த்தான்.
அதில் அந்தப் பொத்தான் இல்லை.

முன்பணம் இருபத்து நாலாயிரம்,
மூன்று முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள்.
முடிச்சுக்குள்ளும் கடல் புகுந்திருந்தது.
எண்ணுகிற மெஷின் ஒரு நோட்டைக் கடித்து
இருமி நின்றுவிட்டது.

சிவப்பின் டேங்கில் நூறு ரூபாய்களை விரித்தேன்.
நீலத்தின் டேங்கில் ஐநூறுகள்.
கறுப்பின் நீண்ட சீட்டில் இருபதும் பத்தும்,
பறக்காமலிருக்க மேலே நட்டு, போல்ட்டு,
பழைய ஸ்பார்க் பிளக்குகள்.
நாலு ஃபேனையும் முழுசாகத் திருகினேன்.
ஷோரூமில் மீன் நாற்றமில்லாத
கருவாட்டுக் களம்.

அப்போது பரமக்குடி போன்.
முதலாளி என்னைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார்,
ஒரு நூறைப் புரட்டித் தடவிப் பார்த்தார்.
"இன்னும் காயல" என்றார்.

சிவப்புக் கம்பெனி அதிகாரி வாசலில் நின்றபோது
நான் நாலாவது சட்டையில்,
கை மடிப்புக்குள் தொலைந்துபோய்.
கதவைத் திறந்து பிடித்தபடி
எந்த வண்டியிலிருந்து கோபத்தைத் தொடங்குவதென்று
அவர் தேடிக்கொண்டிருந்தார்.

கறுப்பு வண்டிக்கடியில் ஒரு பத்து ரூபாயைத் துரத்திக் குனிந்திருந்த நம்புத்தாய்
நிமிராமலே சொன்னாள்:
"கதவச் சாத்துங்க தம்பி, பறக்குது."

சாத்தினார்.