பதினெட்டு யூரோ தொண்ணூறு

எங்கள் நாட்டில் விலையின் நடுவே
புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளிதான்.
வியாழன் இரவு பதினொன்று நாற்பதுக்கு
அதை ஓர் இடம் முன்னால் வைத்துவிட்டேன்.

நூற்று எண்பத்தொன்பது யூரோ ஹீட்டர்
பதினெட்டு யூரோ தொண்ணூறு சென்ட் ஆனது.
சத்தம் எதுவும் கேட்கவில்லை.
கடைசி டிராமைப் பிடித்து வீட்டுக்குப் போய்
நன்றாகத் தூங்கினேன்.

லியபாயா தூங்கவில்லை.
பால்டிக் காற்று ஜன்னல் சட்டங்களை ஆட்டிக்கொண்டிருக்க
யாரோ ஒருவர் பார்த்து, மைத்துனனை எழுப்பி,
மைத்துனன் துறைமுகத்து நண்பர்களை எழுப்பி,
விடிவதற்குள்
தொண்ணூற்றேழு பேர், இருநூற்றுப் பதினான்கு ஹீட்டர்.

காலையில் முதலாளி வில்னிஸ் கத்தவில்லை.
கத்தியிருக்கலாம்.
பட்டியலை அச்சடித்து என் மேஜையில் வைத்தார்.
"சட்டம் என்ன சொல்கிறதென்று வக்கீல் பார்க்கட்டும்.
இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நீ கேள்."

நாற்பது வாங்கியவனின் குரலுக்குப் பின்னால்
காரின் சிக்னல் விளக்கு டிக் டிக் என்றது.
"நீங்கள் போட்ட விலை. நான் துப்பாக்கியா காட்டினேன்?"
இல்லை.
துப்பாக்கி இல்லை.

ஸ்கைட்ரீட்டே, கணக்கு ஆசிரியை:
"தள்ளுபடி என்றுதான் நினைத்தேன்."
இரண்டு தடவை சொன்னார்.
இரண்டாவது தடவை கொஞ்சம் மெதுவாக.

ஓல்கெர்ட்ஸ் என்று ஒருவர், பழைய வெல்டர்:
"தவறென்று தெரிந்துதான் வாங்கினேன்.
மின்சாரக் கம்பெனி எனக்குத் தப்பான பில் அனுப்பியது,
திருத்த ஏழு மாதம் அலைந்தேன். கணக்கு நேராகட்டுமே."
அந்தக் கம்பெனி நாங்கள் இல்லை என்றேன்.
"எல்லாக் கம்பெனிக்கும் ஒரே குரல்தான், பெண்ணே."
பிறகு, வேறு யாரும் கேட்காததைக் கேட்டார்:
"உன் சம்பளத்தில் பிடிப்பார்களா?"
தெரியாது என்றேன். அது உண்மை.
மூச்சு மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.
"சரி, இரண்டில் ஒன்றை ரத்து செய்."

பாதி நியாயம்.
அன்றைக்குக் கிடைத்ததில் அதுதான் பெரியது.

கொசுறு கேட்பது வேறு,
கடைக்காரன் திரும்பியபோது அள்ளுவது வேறு.
திரையில் இரண்டுக்கும் ஒரே பொத்தான்.

ஆனால் நானா இதைச் சொல்வது?
அதே ஹீட்டர் ஆகஸ்டில் நூற்று எழுபத்தொன்பது.
அக்டோபரில் வில்னிஸ் சொல்ல, இருநூற்று ஐம்பத்தொன்பது என்று தட்டினேன்.
மூன்று வாரம் கழித்து அதன் மேல் சிவப்புக் கோடு கிழித்து
நூற்று எண்பத்தொன்பது, இருபத்தேழு சதவீதம் தள்ளுபடி என்றேன்.
அப்போது விரல் வழுக்கவில்லை.
காற்புள்ளி சரியான இடத்தில் இருந்தது.
ஒருவரையும் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லவில்லை.

போன வசந்தத்தில் போர்ட்டோவுக்குப் பதினோரு யூரோவில்
விமான டிக்கெட் எடுத்தோம், நானும் ஐவார்ஸும்.
அங்கே ஆற்றங்கரையில் வறுத்த மத்தி தின்றபடி
விலையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.
அதைத் தட்டிய விரல் யாருடையது என்று
எலும்பு எடுத்து வைக்கும்போதுகூடத் தோன்றவில்லை.

மதியத்துக்கு மேல் நாக்கு மரத்துவிட்டது.
சிலர் மன்னிப்புக் கேட்டார்கள், சிலர் வழக்குப் போடுவோம் என்றார்கள்,
ஒரு பையன் ஹீட்டர் வந்தால் விற்றுத்தான்
வாடகை கட்டணும் என்றான், அழாமல்.
யார் பக்கம் குறி போடுவது என்று
பென்சில் கொஞ்சம் தடுமாறியது.

அறுபத்தொன்றாவது பெயரில் விரல் நின்றது.
என் வீட்டு முகவரி.
ஒரு ஹீட்டர். இரவு இரண்டு பத்துக்கு.
நான் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அதைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன்.
தாண்டியும் விட்டேன், அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று.
திரும்பி வந்து எண்ணை அழுத்தினேன்.

"கடையிலிருந்து பேசுகிறேன்" என்று தொடங்கினேன்,
மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில்.
ஐவார்ஸ் சிரித்தான்.
பிறகு
சிரிப்பதை நிறுத்தினான்.