பதினோரு நிமிடம்

க்தான்ஸ்க் நகரத்தில் டிசம்பர் வந்தால்
பகல் மூன்றரை மணிக்கே கடையைச் சாத்திவிடும்.
கப்பல்கட்டும் கொட்டகையில்
எந்நேரமும் குழல்விளக்கு.
லுத்விகா முழந்தாளிட்டு
ஒரு வெள்ளைப் படகின் விலாவில்
சூரியத் தகடுகளை இணைத்துக்கொண்டிருக்கிறாள்.
தாளைவிடச் சற்றே தடிமன்;
வளைத்தால் வளையும்,
அவசரப்பட்டால் விரிசல் விடும்.
ஆயிரத்துச் சொச்சம்.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பி, ஒரு கையெழுத்து.

கட்டமரான் என்கிறார்கள் இதை.
கட்டியதுமில்லை, மரமுமில்லை;
பெயர் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்து
ஒட்டிக்கொண்டிருக்கிறது.
கார்பன் இழை, பிசின்,
தேக்குபோலத் தெரியும் ஏதோவொன்று.
ஐந்து படுக்கையறை.
முத்துச்சிப்பிக்கென்றே ஒரு குளிர்ப்பெட்டி.
பியானோ வரப்போகும் மூலையில்
சுண்ணக்கட்டியால் வரைந்த பியானோ.

வாங்கியவரை யாரும் பார்த்ததில்லை.
அவர் அனுப்பிய ஒற்றை வரி சுவரில் இருக்கிறது:
கோப்பையில் பனிக்கட்டி உடையும் சத்தம்
எனக்குக் கேட்க வேண்டும்.
அதற்காகத்தான் இத்தனை மின்கலம்.
ஆறு டன் மௌனம்,
இரண்டு உடலுக்கும் சரிபாதி.

பதினேழாம் தேதி வெள்ளோட்டம்.
வானமோ கழுவாத அலுமினியச் சட்டி.
இரவெல்லாம் கரையிலிருந்து
கேபிள் வழியே மின்சாரம் குடித்துவிட்டுச்
சூரியப் படகு புறப்பட்டது.
"சைலீசியாச் சுரங்கத்தில்
என் மாமன் வெட்டிய வெயில் இது"
என்றான் மிரோன்.
சிரிக்க முடியாத குளிர்.

விரிகுடாவில் நிஜமாகவே சத்தம் இல்லை.
அது இல்லாததால் மற்றதெல்லாம் கேட்டது:
நீர்க்காகம் எழும்பும்போது
இறக்கை தண்ணீரில் அறைவது,
மிரோனின் வலது முழங்கால்,
எந்த மெத்தைக்கடியிலோ
யாரோ தவறவிட்ட ஒரு திருகாணி
இப்படியும் அப்படியும் உருள்வது,
பன்னிரண்டு வருட அரவை இயந்திரம்
லுத்விகாவின் காதுக்குள் விட்டுப்போன
மெல்லிய விசில்.
அது அவள் சொத்து.
எந்த மின்கலத்தாலும் அணைக்க முடியாது.

திரையில் வரவு: பூஜ்யம் புள்ளி ஆறு கிலோவாட்.
ஒரு கெட்டிலுக்குக் காணாது.

பதினொன்று நாற்பதுக்கு
துறைமுகக் கிரேன்களுக்கு மேலே
மேகம் கொஞ்சம் கிழிந்தது.
அந்த மாதத்தில் அங்கே சூரியன்
ஏறி நிற்பதில்லை, எட்டிப் பார்ப்பதோடு சரி.
அத்தனை தாழ வந்த வெயில்
கூரையை விட்டுவிட்டு
லுத்விகா முழந்தாளிட்ட விலாவில்
நேராக விழுந்தது.
ஒன்று.
இரண்டரை.
நான்கு.
ஏழு.
பெனால்டி உதைக்குக் காத்திருப்பவர்கள்போல
ஐந்து பேரும் திரையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தண்ணி வை, தண்ணி வை!"

படிகக் கோப்பைகளுக்கு முத்திரை வைத்திருந்தது.
தெர்மாஸ் மூடிகளில் ஊற்றினார்கள்.
கறுந்தேநீர், எலுமிச்சைத் துண்டு,
ஆளுக்கு இரண்டு கட்டி சர்க்கரை.
லுத்விகா அவசரமாக உறிஞ்சினாள்.
நாக்கு பொத்துப்போனது.
"வெயிலேதான்" என்றாள்.

பதினோரு நிமிடம்.
பிறகு மேகம் தைத்துக்கொண்டது.

ஒப்படைக்கும் முன்
மீட்டரைப் பூஜ்யமாக்க வேண்டும்; விதி அப்படி.
காசு கொடுத்தவருக்கு
யாரும் தொடாத வெயில் போய்ச் சேர வேண்டும்.
லுத்விகா பொத்தானை
மூன்று நொடி அழுத்திப் பிடித்தாள்.
புள்ளி ஒன்பது யூனிட்
கண் சிமிட்டி மறைந்தது.
நாக்கு நுனி மட்டும்
ஞாயிறு வரைக்கும் சொரசொரத்தது.

மெத்தைகளைத் தூக்கி,
பலகைகளைக் கழற்றி,
காந்தம் கட்டிய குச்சியால் துழாவி
இரண்டு நாள் தேடினார்கள்.
திருகாணி அகப்படவில்லை.

பிப்ரவரியில் படகு
தெற்கு நோக்கிப் போய்விட்டது,
வெயில் கொழுத்த ஏதோவொரு கடலுக்கு,
தன் மௌனம் முழுவதையும்
கூடவே அதையும்
சுமந்துகொண்டு.