பூக்கடை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது

பெயர் தேசிங்கு. தகப்பனார் கன்னியப்பன்.
பனைமரத்தொட்டி, ராயபுரம்.
துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை.
வயது இருபத்திரண்டு என்று போட்டுக்கொள்ளுங்கள் ஏட்டய்யா.

எந்தக் கட்சி என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள்.
கட்சி இல்லை. பங்க்.
பெட்ரோல் பங்க் இல்லை சார்,
பாட்டு. பிரெஞ்சுக்காரன் பாட்டு.

முதலிலிருந்து சொல் என்றால்
எழுபத்தாறு, ஆகஸ்ட்.
அங்கே தெற்கே ஒரு சின்ன ஊர்,
மாட்டைக் குத்திக் கொல்கிற வட்டத் திடல்.
அந்த மணலில் வந்து நின்றார்கள்
கிடாரில் மூன்று பிடி மட்டும் தெரிந்த பையன்கள்.
கூட்டம் குறைவு. வெயில் அதிகம்.
மாடு அன்றைக்குப் பிழைத்தது.

அதற்கும் முன்னால் பாரிஸ் நடுவில் ஒரு மார்க்கெட்.
அதை ஊருக்கு வெளியே தூக்கிவிட்டு
இரும்புக் கூரையைப் பிரித்து
பள்ளம் தோண்டினார்கள்.
வருஷக்கணக்கில் பள்ளம்.
பள்ளத்தின் ஓரம் இசைத்தட்டுக் கடை.
வேலையில்லாதவர்கள் அங்கேதான் நின்றார்கள்
சட்டையில் ஊக்குக் குத்திக்கொண்டு.

சிரிக்கிறீர்கள்.
கொத்தவால்சாவடியைக் கோயம்பேட்டுக்குத் தூக்கிய
மறுநாள் விடியலில்
பிலோமினுடைய அப்பா இதே தெருவில் உட்கார்ந்திருந்தார்,
தலையில் சும்மாடு,
சும்மாட்டின் மேல் ஒன்றுமில்லை.
அங்கேயும் ஒருத்தர் அப்படி உட்கார்ந்திருப்பார்.
கேசட்டில் அது இல்லை.

கேசட் கடத்தல் சரக்கு இல்லை.
மார்செய் கப்பலில் ஒரு சமையல்காரன்.
நாங்கள் கொடுத்தது காசிமேட்டு இறால், இரண்டு கிலோ.
அவன் கொடுத்தது கேசட்,
கூடவே கத்தரித்து ஒட்டி ஜெராக்ஸ் எடுத்த ஒரு புத்தகம்.
புதுச்சேரி சொல்தா பேரன் ஒருவன் பாதி படித்துச் சொன்னான்.
மீதிப் பாதிக்கு பீர் கேட்டான்.
அதனால் என் வரலாறும் பாதிதான்.

எண்பதுகளில்
காலி வீடுகளின் பூட்டை உடைத்துக் குடியேறினார்கள்.
புறம்போக்கு என்று அங்கே சொல்லமாட்டார்கள்,
வேறு வார்த்தை இருக்கும்.
ஒரு குழுவுக்கு டிரம்ஸ் அடிக்க ஆள் இல்லை,
பெட்டி வைத்துக்கொண்டார்கள்.
பட்டனை அமுக்கினால் அதுவே அடிக்கும்.
கூலி கேட்காது, சாவு வீட்டுக்குப் போகாது.
எங்களுக்குத் தலைகீழ்:
அடிக்க ஆள் சந்துக்கு நாலு பேர்,
கரண்ட்தான் இல்லை.
ஜமாலு மீன் ஐஸ்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான்.

கேசட்டில் கூட்டம் ஒரே வார்த்தையைக் கத்தும்.
நான்! நான்! நான்!
அட, நம்ம வார்த்தை என்று நாங்களும்
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் போகும்போதெல்லாம்
ஒரு வருஷம் கத்தினோம்.
அப்புறம்தான் அந்தப் பேரன் சொன்னான்:
அது நோன், மூக்கால் சொல்லணும்,
முடியாது, மாட்டேன் என்று அர்த்தம்.
பிலோமினுக்கு அழுகையே வந்துவிட்டது.
பியூலாதான் சொன்னாள்,
ரெண்டும் ஒண்ணுதான், கத்துடா.

அவளை மட்டும் ராத்திரியே வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.
அதிகம் சத்தம் போட்டது அவள்தான்.

நேற்று வாசித்தது பதினோரு நிமிஷம்,
காலிச் சாவடியில், அழுகின வெங்காய வாசனையில்.
பொதுமக்களுக்கு இடையூறு என்று எழுதியிருக்கிறீர்கள்.
பொதுமக்கள் கோயம்பேட்டில் இருக்கிறார்கள் சார்.
இங்கே மூன்று மாடு, ஒரு வாட்ச்மேன்.
வாட்ச்மேன் கடைசிவரை நின்றார்.
மாடுகளும்.

அந்தப் பெட்டி வைத்த குழு
எண்பத்தொன்பதில், நல்ல பெயர் இருக்கும்போதே,
மூன்று ராத்திரி பாடிவிட்டுக் கடையை மூடியது.
ஏன் என்பது மீதிப் பாதியில் இருக்கும்.
எங்களுக்கு ஒரே ராத்திரி.
மூடியது நீங்கள்.

மன்னிப்புக் கேட்டு எழுதித் தருகிறாயா என்கிறீர்கள்.
டீ ஆறுகிறது. எதிரே
பூக்கூடைகள் இறங்குகின்றன.

நோன்.

நான்
என்று எழுதிவிட்டு
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
மிச்சத்துக்குக் காத்திருக்கிறார் ஏட்டு.