தட்டுக் கழிவு

வேதாளை நண்டுக் கம்பெனியின் எடைக் கம்ப்யூட்டர்
உப்புக் காற்றில் செத்துப்போனது.
திறந்தால் உள்ளே தகடெல்லாம் பச்சைப் பூ.
மதுரையிலிருந்து புதுசு வாங்கி வந்தேன்,
சீட்டுக்கட்டு அளவுப் பெட்டி. விசிறி இல்லை, இரைச்சல் இல்லை.
முதலாளி அதை உள்ளங்கையில் வைத்து
"இவ்வளவுதானா?" என்றார், பணம் கொடுத்த முகத்தோடு.

பழைய டிஸ்க்கிலிருந்து எடை புரோகிராமை எடுத்து வைத்தேன்.
ஓடவில்லை.
அனுமதி இல்லையோ என்று அனுமதி கொடுத்தேன்.
எக்ஸெக் பார்மட் எரர்.
நகலில் பிசகோ என்று மறுபடி நகலெடுத்து
பைட் பைட்டாக ஒப்பிட்டேன். ஒரு குறையும் இல்லை.
அதுதான் வயிற்றைக் கலக்கியது:
குறையில்லாத ஒன்று ஏன் எழுந்து நிற்க மறுக்கிறது?

பைலின் தலையைப் பார்த்தேன். இன்டெல் பிராசசருக்குக் கட்டியது.
பெட்டியைக் கேட்டேன், நீ யார் என்று.
ஆர்ம் என்றது.

வாசலில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த முனியராஜுக்கு
விளக்கிவிடலாம் என்று
"வடகடலுக்குப் பின்னின வலை மாதிரி" என ஆரம்பித்தேன்.
"தென்கடல்லயும் போடலாம்ணே," என்றான்,
"கல்லுல கிழியும், அவ்வளவுதான்."
உவமையை அங்கேயே விட்டுவிட்டேன்.
இது கிழியக்கூட இல்லை. தண்ணீரில் இறங்கவே இல்லை.

நடுவில் ஒரு எமுலேட்டரைப் போட்டுப் பார்த்தேன்.
ஒவ்வொரு ஆணையையும் கேட்டு, யோசித்து, மாற்றிச் சொல்லும்.
ஓடியது!
ஆனால் செல்சி தட்டை வைத்து, எடுத்து,
ரோஸ்லின் தன் தட்டை வைத்த பிறகுதான்
செல்சியின் எடை திரையில் வந்தது.
அரை மணியில் இரண்டு சண்டை.

எழுதியவன் கீழக்கரை அஜ்வத், இப்போது தம்மாமில்.
இரவு ஒன்பதரைக்குப் புது பைல் அனுப்பினான்.
"ஆர்ம்தான், பாருங்க."
அப்படி ஒரு பைலே இல்லை என்றது பெட்டி.
கண்ணெதிரே இருக்கிறது. பெயர் தெரிகிறது,
நாள் தெரிகிறது, அளவு தெரிகிறது. இல்லையாம்.
பத்தே காலுக்கு விளங்கிற்று:
அவன் அனுப்பியது முப்பத்திரண்டு பிட்.
அது கைப்பிடித்து ஏறவேண்டிய லோடர் இந்தப் பெட்டியில் கிடையாது.
காணாமல் போனது வேறு, பழி விழுந்தது இதன் மேல்.

"சோர்ஸையே தர்றேன், நீங்களே கம்பைல் பண்ணிக்குங்க.
எனக்குக் காலையில ஷிப்ட்."

அப்படித்தான், ஆறு வருஷமாக
இன்டெல் மட்டுமே படித்துக்கொண்டிருந்ததை
நான் படிக்க நேர்ந்தது.
நூற்றுப் பன்னிரண்டாவது வரியில்
எடையிலிருந்து தட்டைக் கழித்திருந்தான்.
நியாயம்தான்.
தட்டு, நாற்பது கிராம்.

கழுவி அடுக்கியிருந்த பிளாஸ்டிக் தட்டுகளில் ஒன்றை
தராசில் வைத்தேன். இருபத்தாறு.
இன்னொன்று. இருபத்தாறு.
ஈரம் துடைத்து வைத்தேன்.
இருபத்தைந்துக்கும் இருபத்தாறுக்கும் நடுவே தயங்கியது.

நண்டுச் சதைக்குக் கிலோ கணக்கில்தான் கூலி.
ஒருத்திக்கு ஒரு நாளைக்கு இருபது தட்டு.
பதினான்கை இருபதால் பெருக்கினேன்.
ஆறு வருஷத்தால் பெருக்கவில்லை.

அஜ்வத்திடம் கேட்டேன். இரண்டு நீல டிக்.
வெகுநேரம் கழித்து:
"அவங்க சொன்ன நம்பர்ணே."

வெளியே சோளகம் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.
நாற்பதை அழித்து இருபத்தாறு போட்டேன்.
கம்பைல் ஆக நான்கு நொடி.
முதல் தடவையிலேயே ஓடியது,
பிறந்த வீடே இதுதான் என்பதுபோல.

காலை ஆறரைக்கு செல்சி தட்டை வைத்தாள்.
எண் உடனே வந்தது. பார்த்தாள்.
தட்டைத் தூக்கி மறுபடி வைத்தாள். அதே எண்.
ரோஸ்லினைத் திரும்பிப் பார்த்தாள்.

"புது மிஷின்," என்றேன்,
யாரும் கேட்காமலே.
மாடிப்படியில் முதலாளியின் செருப்புச் சத்தம்.